வீட்டில் வழுக்கி விழுந்தவர்கள்

சுகிர்தாவுக்கு நிஜமான கோபம் வந்தால் சத்தம் வராது. ஓடைமேட்டு ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷமாக ஓ.பி. சீட்டு எழுதுகிறவள் அவள். வரிசையில் முந்துகிறவன், குடித்துவிட்டு வந்து ஊசி கேட்கிறவன், காய்ச்சல் மாத்திரையை வாங்கி ஆட்டுக்குக் கொடுக்கிறவன், எல்லோரையும் வாயாலேயே ஓட ஓட விரட்டுவாள். அது கோபம் இல்லை, அவள் வேலையில் ஒரு பகுதி. கோபம் வந்துவிட்டால் மட்டும் வாய் மூடிவிடும். மேசையில் உள்ள பேனா, ஸ்கேல், முத்திரைக் கட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்து நேராக அடுக்க ஆரம்பிப்பாள். தெரிந்தவர்கள் அப்போது கிட்டே போகமாட்டார்கள்.

திட்ட ஆலோசகர் ஹேமநாத்துக்கு அது தெரியாது. சென்னையிலிருந்து வந்த பிள்ளை, முப்பது வயதுகூட இருக்காது. புது ஆஸ்பத்திரியின் வரைபடத்தை அவள் மேசையில் விரித்து, "எப்படி மேடம் இருக்கு?" என்று சந்தோஷமாகக் கேட்டான்.

அவள் ஒவ்வொரு அறையாக விரல் வைத்துப் பார்த்தாள். டாக்டர் அறை, மருந்து அறை, பிரசவ அறை, ரத்தப் பரிசோதனை, வாசலில் கம்பெனி பெயர் போட்ட வளைவு. கடைசியில் ஒரு பெரிய அறை. அதன் மேல் 'நலவாழ்வு மற்றும் யோகா அறை' என்று இருந்தது.

"விபத்து ரூம் எங்க சார்?"

"அது வரல மேடம். தேவை மதிப்பீட்டுல அடிபட்டுப் போச்சு."

சுகிர்தா ஸ்கேலை எடுத்து மேசை ஓரத்துக்கு நேராக வைத்தாள்.

அந்த அறைக்காகத்தான் ஊரே காசு போட்டிருந்தது. பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம் இரண்டு வருஷத்துக்கு முந்தைய புயல் மழையில் ஊசி போடும் மேசை மேலேயே கூரைக் காரையைக் கொட்டியது. கட்டடம் லாயக்கில்லை என்று எழுதிப் பூட்டிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி சமுதாயக்கூடத்தில் நடக்கிறது. கல்யாணம் வந்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் உள்ளே, காய்ச்சல்காரர்கள் வேப்பமரத்தடியில். கர்ப்பிணிப் பெண்களுக்கு எடை பார்க்கும் மெஷினை ஒருமுறை சமையல்காரர்கள் வெங்காயம் நிறுக்கத் தூக்கிப் போனார்கள். சொன்னால் சிரிப்பு வரும். இரண்டு வருஷம் அதில் உட்கார்ந்து சீட்டு எழுதிப் பார்த்தால் வராது.

புதுக் கட்டடத்துக்குப் பணம் மூன்று இடத்திலிருந்து வருவதாகப் பேச்சு. பெரும்பங்கு அரசாங்கம். அடுத்தது தொழிற்பேட்டையில் உள்ள ஒரு பெரிய கம்பெனி, சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து. மிச்சம் பதினெட்டு லட்சம் ஊர் மக்களின் பங்கு. ஊர்ப் பங்கைக் கட்டினால்தான் மற்ற இரண்டும் இறங்கும். வீட்டுக்கு மூன்று நாள் கூலி என்று வைத்தார்கள். ஓடைமேட்டில் கோயில் கும்பாபிஷேகத்துக்கும் சர்ச் கோபுரத்துக்கும்கூட இவ்வளவு சுருக்காக வசூல் ஆனதில்லை. காரணம் கலியன்.

கலியன் இரும்புத் தகடு வெட்டும் ஷெட்டில் ஒப்பந்தக் கூலி. போன மார்ச்சில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தகடு சரிந்து தொடையைக் கிழித்துவிட்டது. லேபர் கான்ட்ராக்டர் பார்த்திபன் தன் காரில் கொண்டு வந்தான். கார் இருக்கை கெட்டுவிடக் கூடாதென்று அடியில் சாக்கு விரித்திருந்தான். சமுதாயக்கூடத்து நர்ஸ் துணியை வைத்து அழுத்தினாள், கட்டினாள், கட்டியதெல்லாம் நனைந்தது. ரத்தத்தை நிறுத்த அங்கே வேறு ஒன்றும் இல்லை. பார்த்திபன் சுகிர்தாவின் மேசைக்கு வந்து குனிந்தான்.

"அக்கா, ஊட்ல வயுக்கி உயுந்தான்னு போடு. சுருக்கா போடு, மெட்ராஸுக்கு இட்டுகினு போவணும்."

அவள் போட்டாள். எழுத அரை நிமிஷம், சண்டை போட்டால் பத்து நிமிஷம், அந்தப் பத்து நிமிஷம் கலியனிடம் இல்லை. அரை நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தும் கார் காரனோடைப் பாலத்தைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. இரண்டு கட்டில், ஆக்சிஜன், ரத்தம் நிறுத்தத் தெரிந்த ஆள் இருபத்துநாலு மணி நேரமும், இவ்வளவு இங்கேயே இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று டாக்டரம்மாவே சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் ஊர் பையில் கை விட்டது.

இப்போது அந்த அறையில் யோகா.

"யாரு சார் அடிச்சது?" என்று கேட்டாள் சுகிர்தா.

"யாரும் அடிக்கல மேடம். கணக்கு அப்படி." ஹேமநாத் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். "அஞ்சு வருஷப் பதிவேட்டை முழுசா எண்ணினோம். சுகர், பிரஷர், பிரசவம் எல்லாம் நிறைய. வேலை இடத்து விபத்து, பூஜ்ஜியம். மாசத்துக்கு ஒண்ணாவது, அஞ்சு வருஷத்துல அறுபதாவது இருந்தாத்தான் விபத்து அறைக்கு அனுமதி. ஆனா ஒரு விஷயம் ஆச்சரியமா இருந்துச்சு மேடம். உங்க ஊர்ல வீட்டுல வழுக்கி விழுறவங்க ரொம்ப அதிகம். அதனால வயசானவங்க விழாம இருக்க யோகா நல்லதுன்னு..."

அவன் கிண்டல் செய்யவில்லை. நல்ல மனசோடுதான் சொன்னான். சுகிர்தா முத்திரைக் கட்டையை எடுத்து ஸ்கேலுக்குப் பக்கத்தில் நேராக வைத்தாள். அவன் எண்ணிய பதிவேட்டில் ஒவ்வொரு வரியும் அவள் கையெழுத்து.

அவள் அம்மா நாற்று நட்ட வயல்கள்தான் இன்று தொழிற்பேட்டை. வயல் போன பிறகு ஆம்பிளைகள் ஷெட்டுக்குப் போனார்கள். நிரந்தர வேலை வெளியூர்க்காரனுக்கு, ஒப்பந்த வேலை உள்ளூர்க்காரனுக்கு. இ.எஸ்.ஐ. பட்டியலில் பேர் இருக்காது, கேட் பாஸ் மட்டும் இருக்கும். கேட் பாஸை ஆன் செய்கிறவனும் ஆஃப் செய்கிறவனும் கான்ட்ராக்டர். ஷெட்டில் அடிபட்டது என்று எங்காவது எழுத்தில் ஏறினால் இன்ஸ்பெக்ஷன் வரும், போலீஸ் வரும், ஷெட் பத்து நாள் மூடும், முப்பது பேர் வீட்டில் உலை வைக்க முடியாது. ஆகவே அடிபட்டவனே, ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு, ரத்தம் சொட்டச் சொட்ட அவள் மேசைக்கு முன் நின்று கெஞ்சுவான்: "ஊட்லன்னு போடுக்கா." அவளும் போடுவாள். ஊருக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் போட்டாள். விரல் போனவன், கண்ணில் பொறி பட்டவன், கால் நசுங்கியவன், எல்லோரும் வீட்டில் வழுக்கி விழுந்தார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் பிரஸ் மெஷினில் வலது கையில் மூன்று விரலைக் கொடுத்துவிட்டு வந்த அவள் புருஷன் ஆசீர்வாதமும் வீட்டில்தான் வழுக்கி விழுந்தார். அதையும் அவள்தான் எழுதினாள். அழுதுகொண்டே, ஆனால் எழுத்து கோணாமல்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் தட்டு, டம்ளர், கரண்டி எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினாள். ஆசீர்வாதம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னாமே, யார் மேல?" என்றார்.

"என் மேல."

விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. "அத்த இப்போ இன்னா பண்ண முடியும்? உட்டுடு. ஆஸ்பத்திரின்னு ஒண்ணு வருதே, அது போதும்."

"ஞாயித்துக்கெயம கூட்டத்துல சொல்லப் போறேன்யா. அத்தனியும் பொய்யின்னு."

"சொல்லு. சொல்லிட்டு உன் வேலையை உட்டுட்டு வா. நம்ம ரகு பார்த்திபன் கிட்ட தானே கீறான்? அவன் பாஸை ஆஃப் பண்ணிட்டா அவன் பொண்டாட்டி புள்ளைக்கு யாரு துட்டு குடுப்பா, நீயா?"

ரகு அவர்களுடைய ஒரே மகன். உருக்கு ஷெட்டில் உலைப் பக்கம் வேலை. மனைவி ஜெனிபரோடும் கைக்குழந்தையோடும் கும்மிடிப்பூண்டி பைபாஸ் பக்கம் வாடகை அறையில் இருந்தான்.

"கலியனுக்குப் பொண்டாட்டி புள்ள இல்லியா?" என்றாள் சுகிர்தா.

"கலியன் செத்தான். நம்ம புள்ள உசுரோட கீறான். அத்த பாரு."

அவள் அவரைப் பார்த்தாள், அந்த இரண்டு விரல் கையைப் பார்த்தாள். கத்த வேண்டும் போல இருந்தது. இந்த மனுஷனின் கையைத் தின்றவனுக்கு இந்த மனுஷனே காவல் நிற்கிறார். தானும் அந்தக் காவலுக்குப் பேனா பிடித்தவள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிறு பதினோரு மணிக்குக் கூட்டம். சமுதாயக்கூடம் நிரம்பி வாசல் வரை ஆள். பஞ்சாயத்துத் தலைவர், ஹேமநாத், கம்பெனியிலிருந்து இஸ்திரி கலையாத ஒரு அதிகாரி, மூன்று பேரும் மேசைக்குப் பின்னால். பார்த்திபன் பின்வரிசைச் சுவரில் சாய்ந்து போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். ஹேமநாத் திட்டத்தைப் படித்தான். யோகா அறை என்று வந்ததும் சலசலப்பு எழுந்தது.

"இன்னா சார் யோகா? விபத்து ரூமு தானே கேட்டோம்?"

ஹேமநாத் அதே விளக்கத்தைச் சொன்னான். பதிவேட்டில் விபத்து பூஜ்ஜியம். கூட்டம் கப்பென்று அடங்கியது. ஏன் பூஜ்ஜியம் என்று அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவனுக்கும் தெரியும்.

சுகிர்தா எழுந்தாள். கையில் பதிவேடு.

"இதுல கீற ஊட்ல வயுக்கி உயுந்ததெல்லாம் நான் எயுதுனது. அத்தனியும் பொய்யி. ஷெட்ல அடிபட்டவங்க அவங்க."

கம்பெனி அதிகாரி சிரித்தார். "அம்மா, அரசாங்கப் பதிவேட்டுல பொய் எழுதினேன்னு நீங்களே சொல்றீங்க. அது என்ன குத்தம்னு தெரியுமா?"

"தெரியும் சார். என்னை ஜெயில்ல போடு. ரூமைக் கட்டு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஹேமநாத் சிரிக்கவில்லை. "நீங்க சொன்னா மட்டும் மாத்த முடியாது மேடம். அடிபட்டவங்களே, எந்த இடம், எந்தத் தேதின்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். அறுபது பேர் போட்டா நான் கணக்கை மாத்தி மேல அனுப்புவேன். அது என் பொறுப்பு."

அவள் பதிவேட்டைப் பிரித்து ஒவ்வொரு பெயராகப் படிக்க ஆரம்பித்தாள். நாகமுத்து. அவன் தன் கைகளை லுங்கிக்குள் ஒளித்துக்கொண்டான். சாம்சன். சாம்சன் கூரையைப் பார்த்தான். இத்தனை வருஷம் கூலிக்காக ஒளிந்த கைகள், சரி. உயிர் காக்கும் கட்டிலுக்காகக்கூட வெளியே வரவில்லையே! பின்னால் பார்த்திபனின் போன் ஒவ்வொரு முகமாக நகர்ந்தது. நான்காவதாகத் தன் புருஷன் பெயரைப் படித்தாள். ஆசீர்வாதம் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து தமிழ்செல்வி எழுந்தாள். கலியனின் மனைவி. புருஷன் செத்த வாரம் பார்த்திபன் இரண்டு லட்சத்தைக் கொடுத்து, வீட்டில்தான் விழுந்தார் என்று ஒரு தாளில் கைநாட்டு வாங்கியிருந்தான். அதனால் அவள் வாய் திறப்பாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"சார், நீங்க எங்க ஊட்டுக்கு வந்து பாருங்க," என்றாள் ஹேமநாத்திடம். "எங்க ஊட்ல வயுக்கி உயுறதுக்குத் தரையே இல்ல. மண்ணு தரை. சாணி போட்டு மெழுகுறேன். அதுல யார் வயுக்குவா? எங்க ஊட்டுக்காரரு அதுல வயுக்கி, அதுல தொடை கிழிஞ்சு செத்தாருன்னு எயுதிகீறாங்க. நானும் கைநாட்டு வெச்சேன். புள்ளைங்களுக்குச் சோறு போடணும்னு வெச்சேன்." பின்னால் திரும்பினாள். "பார்த்திபா, நல்லா புடிச்சுக்கோ போன்ல. என் மூஞ்சி தெரியுதா? உன் ரெண்டு லட்சத்துல மிச்சம் கீறத நாளைக்கே உன் ஊட்ல கொண்டாந்து வெக்கிறேன். எங்க ஊட்டுக்காரரு உன் ஷெட்ல செத்தாரு."

பார்த்திபன் போனை இறக்கினான்.

ஆசீர்வாதம் எழுந்தார். அவருக்கும் கோபத்தில் பேச்சு வராது போல. வலது கையை மட்டும் தூக்கிக் காட்டினார். பிறகு கஷ்டப்பட்டுச் சொன்னார்: "பிரஸ்ல போச்சு. ஊட்ல இல்ல." அதற்குப் பிறகு நாகமுத்து. அதற்குப் பிறகு சாம்சன். ஒவ்வொருவனும் எழுந்து ஒரு இடத்தின் பெயரைச் சொன்னான். பத்தாவது ஆளுக்கு மேல் யாரும் பெயர் கூப்பிடக் காத்திருக்கவில்லை. இத்தனை வருஷம் அடக்கியது ஒரே சமயத்தில் வெளியே வந்ததில் கூடமே கத்தியது. ஒருவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பார்த்திபனிடம் போனான். சுகிர்தாதான் குறுக்கே நின்று, "அப்புறம் அடி. மொதல்ல கையெயுத்துப் போடு," என்று உட்கார வைத்தாள்.

கம்பெனி அதிகாரி, இப்படியென்றால் எங்கள் பங்கை மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும் என்றார். ஆசீர்வாதம் அதற்குள் பேச்சு பழகிவிட்டார். "பண்ணிக்கோ சார். அந்த ரூமு இல்லாத ஆஸ்பத்திரிக்கு எங்க மூணு நாள் கூலி கெடையாது. எங்க பங்கு இல்லன்னா உங்க பேரு போட்ட வளைவும் இல்ல." கைதட்டல் நிற்க ரொம்ப நேரம் ஆனது. அதிகாரி போன் பேச வெளியே போனார்.

அன்று கையெழுத்துப் போட்டவர்கள் முப்பத்தெட்டு பேர். மிச்சத்துக்கு வெள்ளிக்கிழமை வரை கெடு. படிவங்கள் சுகிர்தாவின் மேசையில் இருக்கட்டும் என்று ஹேமநாத் வைத்துவிட்டுப் போனான். முடிவைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை அவன் வந்து எண்ணியபோது அறுபத்தேழு இருந்தது. விபத்து அறை வரைபடத்தில் ஏறியது. கம்பெனிப் பங்கும், பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர் விசாரித்துவிட்டுப் போன பிறகு, முனகிக்கொண்டே வந்தது. பொய் எழுதியதற்காக சுகிர்தாவுக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அதற்கு அவள் எழுதிய பதில் அரைப் பக்கம். திங்கட்கிழமை காலையிலேயே பதினாலு பேருடைய பாஸ் கேட்டில் சிவப்பு விளக்கு காட்டியது. அவர்களில் ஏழு பேர் இன்றும் வேலை தேடிக் காக்களூர் பக்கமும் மீஞ்சூர் பக்கமும் தினம் பஸ் ஏறி அலைகிறார்கள். ஊருக்கு இதெல்லாம்தான் கதை.

சுகிர்தாவுக்குக் கதை அதே வாரத்துப் புதன்கிழமை.

காலை பத்து மணி. வரிசையில் இருமல், குழந்தை அழுகை. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தால் நான்காவது ஆளாக ரகு நிற்கிறான், ஷெட் சட்டையோடு, கையில் பிரிக்காத சாப்பாட்டு டப்பாவோடு. பத்து மணிக்கு உலைப் பக்கம் நிற்க வேண்டியவன். அவளுக்குப் புரிந்துவிட்டது. இன்று அவன் பாஸும் போய்விட்டது. திட்டட்டும், என்று தயாரானாள். கைக்குழந்தைக்காரன், திட்ட அவனுக்கு உரிமை உண்டு. முன்னால் இருந்த மூன்று பேருக்கும் சீட்டு எழுதும்போது என்ன நோவு என்று கேட்டாள், என்ன சொன்னார்கள் என்று அவளுக்கே நினைவில்லை.

ரகு ஸ்டூலில் உட்கார்ந்தான். திட்டவில்லை.

என்ன பேசுவதென்று தெரியாமல், எல்லோரிடமும் கேட்பதையே கேட்டாள். "இன்னாடா பண்ணுது?"

அவன் திரும்பி உட்கார்ந்து சட்டையை மேலே தூக்கினான். வலது தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை தோல் சுருங்கிக் கருத்து, நடுவில் ஓரிடத்தில் இன்னும் ரோஸ் நிறமாக இருந்தது. உருகிய இரும்பு தெறித்தால் அப்படித்தான் ஆகும். அவள் அதை எத்தனையோ முதுகில் பார்த்திருக்கிறாள். 

"எப்போடா?"

"போன ஆகஸ்ட்."

ஆகஸ்டில் ஒரு மாசம் முழுக்க அவன் வீட்டுப் பக்கம் வரவில்லை. நைட் ஷிப்ட் என்று போனில் சொன்னான். குழந்தைக்குச் சளி, அதனால் ஜெனிபரும் வரவில்லை என்றான். அவளும் நம்பி, ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பைத் தூக்குவாளியில் போட்டு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாள்.

"எங்க காட்டுன?"

"ஆந்திரா பக்கம், தடா தாண்டி ஒரு கிளினிக்கு. ஜெனிபர் கட்டு மாத்துனா."

"ஏன்டா பாவி, பெத்தவ ஆஸ்பத்திரியில உக்காந்துகினு கீறேன். ஏன்டா என்கிட்ட வரல?"

அவள் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. டாக்டரம்மா அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். ரகு சட்டையை இறக்கிவிட்டு, மேசையில் இருந்த படிவம் ஒன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பேனாவுக்குக் கை நீட்டினான்.

"வந்திருந்தா நீ இன்னா எயுதியிருப்ப மா?"

சுகிர்தா பேனாவைக் கொடுத்தாள். என்ன எழுதியிருப்பாள் என்று அவளுக்குத் தெரியும்.